கடல் கடந்த இசைஞர்

தம் ஊரில், தம்மை நன்கறிந்த மக்கள் நடுவில், நாள்தோறும் பழகிய துணைவர்களோடு அமர்ந்து இசைப்பது ஒரு கலைஞருக்கு எளிது. அவர் எங்கே நிறுத்துவார், எங்கே விரைவார் என்பதைத் துணைவர்கள் முன்னரே அறிவர். கேட்போரும் அவர் பெருமையை அறிந்தே வந்து அமர்வர். ஆயின், மொழி அறியாத நாட்டிற்குச் சென்று, முன்பின் கண்டிராத கலைஞர்களோடு ஒரே மேடையில் நின்று இசைப்பது எளிதன்று. அங்கே பழைய புகழ் அரைநாழிகைப் பொழுதுக்கே துணைசெய்யும். அதன்பின் கலைஞரைக் காப்பது அவர் கைத்திறனும் செவித்திறனுமே ஆகும். அத்தகைய சோதனையை ஐந்து ஆண்டுகள் விரும்பி ஏற்று, அதனால் மேலும் வளர்ந்து தாயகம் திரும்பிய ஓர் இசைஞரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம். அவர் பெயர் கோல்மன் ஹாக்கின்ஸ்.

ஹாக்கின்ஸ் 1904 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21 ஆம் நாள் அமெரிக்க நாட்டில், மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த செயிண்ட் ஜோசப் என்னும் நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். இசையறிவு மிக்க அவருடைய அன்னையே அவருக்கு முதல் ஆசிரியர். ஐந்தாம் வயதில் பியானோவும், ஏழாம் வயதில் செல்லோ என்னும் பெரிய நரம்புக் கருவியும் பயின்ற அச்சிறுவரின் கைக்கு ஒன்பதாம் வயதில் சாக்ஸபோன் வந்து சேர்ந்தது. அன்று தொட்டு அதுவே அவர் வாழ்நாள் துணையாயிற்று.

சாக்ஸபோன் என்பது பித்தளையால் ஆகிய ஒரு துளைக்கருவி. பெல்ஜிய நாட்டவரான அடோல்ஃப் சாக்ஸ் என்பவர் அதனைப் படைத்து, 1846 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரே கருவிக்கும் பெயராயிற்று. நம் நாகசுரத்தில் சீவாளி அமைந்திருப்பது போல, சாக்ஸபோனின் வாய்ப்பகுதியில் நாணற்பட்டை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். கலைஞரின் மூச்சுக் காற்றால் அது அதிர, ஒலி பிறக்கும். நாகசுரச் சீவாளி இரட்டைப் பட்டை உடையது. சாக்ஸபோனில் உள்ளது ஒற்றைப் பட்டை. நம் நாட்டில் கதிரி கோபால்நாத் (1949–2019) இந்த மேலைக் கருவியில் கருநாடக இசையை வாசித்துப் பெரும்புகழ் பெற்றார். அதனால் அதன் ஒலி நம் செவிகளுக்கும் புதியதன்று.

ஹாக்கின்ஸ் இளைஞராக இருந்த காலத்தில், சாக்ஸபோன் வகைகளுள் இடைநிலைக் குரலுடைய 'டெனர்' சாக்ஸபோனுக்கு உயர்ந்த மதிப்பு இல்லை. வேடிக்கை ஒலிகளை எழுப்பிக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பதற்கே அது பெரிதும் பயன்பட்டது. அக்கருவியினின்று ஆழ்ந்த, நிறைந்த, உள்ளத்தை உருக்கும் நாதத்தை எழுப்பிக் காட்டியவர் ஹாக்கின்ஸ் ஆவார். அதனால் அவரை டெனர் சாக்ஸபோனின் தந்தை என்று போற்றுவர்.

அவர் வாசித்த இசை 'ஜாஸ்' எனப்படும். அமெரிக்காவின் தென்பகுதியில், சிறப்பாக நியூ ஆர்லியன்ஸ் நகரில், கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்தது இவ்விசை. எழுதி வைத்ததை எழுதியவாறே வாசிப்பதோடு இதில் கலைஞரின் கடமை முடிவதில்லை. ஒரு பாட்டின் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு, அந்த நொடியில் தம் உள்ளத்தில் எழும் புதிய இசைத்தொடர்களை அவர் வாசித்துக்காட்ட வேண்டும். நம் இசையரங்கில் பாடகர் கற்பனைச் சுரம் பாடும்போது, தாளமும் இராகமும் வரம்பாக நிற்க, அவ்வரம்பினுள் அவர் உரிமையோடு உலவுகிறார் அல்லரோ? ஜாஸ் இசைஞர் உலவும் முறையும் ஏறத்தாழ அத்தகையதே. இராகத்திற்கு மாறாக, பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டுகளின் வரிசை அவருக்கு வரம்பாக நிற்கும்.

இருபது வயதளவில் ஹாக்கின்ஸ் நியூயார்க் நகரில் பிளெட்சர் ஹெண்டர்சன் என்பவரின் புகழ்பெற்ற இசைக்குழுவில் இடம்பெற்றார். 1924 ஆம் ஆண்டில் லூயி ஆம்ஸ்ட்ராங் என்னும் ஊதுகொம்புக் கலைஞர் அக்குழுவிற்கு வந்தார். ஏறத்தாழ ஓராண்டே அவர் அங்கிருந்தார். எனினும், துண்டு துண்டாக ஒலிக்காமல் நீரோட்டம்போல் இழுமென ஓடிய அவர் வாசிப்பு ஹாக்கின்ஸின் பாணியையே மாற்றிவிட்டது. அருகில் இருப்பவர் எவராயினும் அவரிடமிருந்து கற்றுக்கொள்ளும் இவ்வியல்பு பின்னாளில் ஹாக்கின்ஸுக்குப் பெரிதும் உதவிற்று.

1929 ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்க மக்களை வாட்டியது. இசைக்குழுக்களின் வருவாய் குன்றியது; ஹெண்டர்சனின் குழுவும் தள்ளாடியது. அதனோடு மற்றொரு துன்பமும் இருந்தது. கறுப்பினக் கலைஞரின் இசையைக் கேட்டு மகிழ்ந்தோர் பலர், அவரைத் தம்மோடு ஒரே விடுதியில் தங்கவோ ஒரே மேசையில் உண்ணவோ இசையவில்லை. 'கைதட்டுவோம், ஆயின் அருகில் அமர விடோம்' என்பதே அந்நாளைய நிலை. இந்நிலையில் ஹாக்கின்ஸ் துணிந்து ஒரு செயல் செய்தார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவராகிய ஜாக் ஹில்ட்டன் என்பவருக்கு, தாம் இலண்டனுக்கு வர விரும்புவதாக ஒரு தந்தி அனுப்பினார். அழைப்பு உடனே வந்தது. பத்தாண்டுகள் பழகிய குழுவை விட்டு, 1934 ஆம் ஆண்டில் அவர் தனியராய்க் கப்பலேறினார்.

ஹாக்கின்ஸுக்கு முன்னரே அவருடைய இசைத்தட்டுகள் கடல் கடந்திருந்தன. ஆங்கில நாட்டு இளங்கலைஞர்கள் பலர் அத்தட்டுகளை மீண்டும் மீண்டும் சுழலவிட்டுக் கேட்டு, அவற்றையே ஆசிரியராகக் கொண்டு ஜாஸ் பயின்று வந்தனர். ஒலியாக மட்டுமே அறிந்த ஒருவர் இப்போது உருவோடு வந்து அவர்கள் அருகில் நின்றார். அவ்வாண்டு நவம்பரில் அவர் இலண்டனில் இசைத்தட்டுப் பதிவு ஒன்று செய்தபோது, பியானோ வாசித்தவர் ஸ்டான்லி பிளாக் என்னும் ஆங்கிலேயர். அவருக்கு அப்போது வயது இருபத்தொன்றே. உலகப் புகழ் பெற்ற விருந்தினர் ஒருவர் இளைஞரின் துணையை ஏற்று, அவரோடு சமமாக அமர்ந்து வாசித்தார்.

1935 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹில்ட்டன் தம் குழுவுடன் ஜெர்மனிக்குச் செல்லத் திட்டமிட்டார். 1933 முதல் அந்நாட்டை ஆண்டு வந்தவர்கள் இட்லரின் நாசிக் கட்சியினர். மக்களைப் பிறப்பால் உயர்ந்தோர் என்றும் தாழ்ந்தோர் என்றும் பிரிப்பதே அவர்கள் கொள்கை. ஹாக்கின்ஸ் கறுப்பினத்தவர் என்பதற்காகவே, அவர் தம் நாட்டு மேடையில் ஏறலாகாது என்று அவர்கள் தடுத்துவிட்டனர். கலையிலே குறையில்லை, ஒழுக்கத்திலே குறையில்லை, தோலின் நிறம் ஒன்றே குற்றமாயிற்று. குழுவினர் ஜெர்மனிக்குச் சென்றனர். ஹாக்கின்ஸ் அண்டை நாடாகிய ஹாலந்தில் தனித்து நின்றார்.

மூடிய கதவின் முன் நின்று அவர் காலத்தைப் போக்கவில்லை. ஹாலந்தில் 'தி ராம்ப்ளர்ஸ்' என்னும் இசைக்குழு ஒன்று இருந்தது. தியோ ஊடன் மாஸ்மன் என்பவர் அதன் தலைவர். ஹாக்கின்ஸ் அக்குழுவினரோடு சேர்ந்தார். 1935 ஆம் ஆண்டிலேயே அவர்களோடு இசைத்தட்டுகளும் பதிவு செய்தார். ஒரு நாடு தள்ளிய கலைஞரை மற்றொரு நாடு தழுவிக்கொண்டது. இன்றும் அத்தட்டுகளைக் கேட்போர், விருந்தினரின் சாக்ஸபோன் ஓங்கி ஒலிக்க, உள்ளூர்க் கலைஞர்கள் அடக்கமாகவும் ஒழுங்காகவும் அதனைத் தாங்கிச் செல்வதை உணரலாம்.

உள்ளூர்க் குழுவும் அயல்நாட்டு விருந்தினரும் எவ்வாறு இணைந்து வாசிக்கின்றனர் என்று நீங்கள் வியக்கலாம். முதலில் இருசாராரும் அறிந்த ஒரு பாட்டைத் தேர்ந்துகொள்வர். எந்தச் சுருதியில் தொடங்குவது, எத்துணை விரைவில் செல்வது என்பன உறுதி செய்யப்படும். பாட்டின் பெயரும் சுருதியின் பெயரும் போதும். நீண்ட உரையாடல் தேவையில்லை. தாளத்தின் விரைவைக் காலால் தட்டிக் காட்டிவிடலாம். குழுவினர் வாசிக்க வேண்டியவை தாளில் எழுதப்பட்டிருக்கும். விருந்தினருக்குரிய பகுதியோ அவர் கற்பனைக்கென விடப்பட்டிருக்கும். அவர் வாசிக்கையில் மற்றவர்கள் தம் ஒலியைத் தாழ்த்தி, சுரக்கூட்டுகளையும் தாளத்தையும் வழுவாமல் காத்து நிற்பர். நம் அரங்குகளில் பக்கவாத்தியக்காரர், பாடகரின் குறிப்பறிந்து நடப்பது போன்றதே இது.

இம்முறையில் இருதிறத்தார்க்கும் பயன் உண்டு. உள்ளூர்க் கலைஞர், தட்டிலே கேட்டு அறிய இயலாத நுட்பங்களை நேரில் கண்டு கற்கின்றனர். மூச்சை எங்கே எடுப்பது, எங்கே ஓசையைக் குறைப்பது, எங்கே பேசாமல் நிற்பது என்பன அருகில் இருந்து அறிய வேண்டியவை அல்லவா? விருந்தினர் அடையும் பயனோ இன்னும் பெரிது. ஹெண்டர்சனின் குழுவில் திறமை மிக்கோர் பலர் இருந்தமையால், ஒவ்வொருவர்க்கும் ஒரு பாட்டில் சிறு பகுதியே கிடைக்கும். ஐரோப்பாவிலோ, மக்கள் ஹாக்கின்ஸைக் கேட்கவே வந்தனர். பாட்டின் பெரும்பகுதி அவர் தோள்மேல் நின்றது. அதனால், ஒரு சிறு தொடரை அழகாக வாசிப்பதோடு அமையாமல், தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் உடைய ஒரு முழுக் கட்டுரைபோல் தம் வாசிப்பை அமைக்க அவர் பழகினார். ஊருக்கு ஊர் குழுவும் மாறிற்று. எவரோடு வாசித்தாலும் அவர் வலிமை இது, எல்லை இது என்று விரைவில் கேட்டறிந்து, அதற்கேற்பத் தம்மை அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வாசிப்பதோடு கேட்பதும் அவருக்கு நாள்தோறும் பயிற்சியாயிற்று.

இவ்வாறு அவர் டென்மார்க், சுவிட்சர்லாந்து, பிரான்சு முதலிய நாடுகளில் இசைத்தார். 1936 ஆம் ஆண்டில் சூரிச் நகரில் 'தி பெர்ரீஸ்' என்னும் சுவிஸ் குழுவோடு இசைத்தட்டுகள் பதிவு செய்தார். ஆம்ஸ்டர்டாம் நகரில், தம்மைப் போலவே அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பிரெட்டி ஜான்சன் என்னும் பியானோக் கலைஞரோடு இணைந்து வாசித்தார்.

இப்பயணத்தின் சிகரம் 1937 ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 28 ஆம் நாள். அன்று பாரிஸ் நகரின் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் எண்மர் கூடினர். ஹாக்கின்ஸ், பென்னி கார்ட்டர், முழவுக் கலைஞர் டாமி பென்ஃபோர்டு ஆகிய மூவரும் அமெரிக்கக் கறுப்பினத்தவர். ஆந்த்ரே எக்யான், அலிக்ஸ் கொம்பெல் என்னும் சாக்ஸபோன் கலைஞர் இருவரும் பிரெஞ்சு நாட்டவர். வயலினில் பெரும்புகழ் பெற்ற ஸ்டெபான் கிராப்பெல்லி அன்று பியானோவின் முன் அமர்ந்தார். எழேன் தெல்லெம் என்பவர் அடிநாதக் கருவியை ஏற்றார். கிட்டார் வாசித்தவர் ஜாங்கோ ரெயின்ஹார்ட்.

ஜாங்கோவைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறவேண்டும். அவர் 1910 ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டில், ஊர் ஊராக வண்டியில் சென்று வாழும் ரோமானி இனக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1928 ஆம் ஆண்டில் அவர் வாழ்ந்த வண்டி தீப்பற்றியதால், இடக்கையின் இரண்டு விரல்கள் பெரிதும் பயனற்றுப் போயின. எஞ்சிய விரல்களைக் கொண்டே புதிய முறை ஒன்றை வகுத்து, ஐரோப்பாவின் தலைசிறந்த கிட்டார் கலைஞராக அவர் உயர்ந்தார். நிறத்தால் ஒதுக்கப்பட்ட இனத்தவர் மூவர். நாடோடி என இகழப்பட்ட இனத்தவர் ஒருவர். அவர்களோடு பிரெஞ்சு நாட்டவர் நால்வர். அண்டை நாட்டில் இனவெறி ஆட்சி புரிந்த காலத்தில், இவ்வெண்மரும் ஒரே கூடத்தில் ஒருவரையொருவர் மதித்து இசைத்தனர்.

அன்று பதிவான பாட்டுகள் நான்கு. அவற்றுள் ஒன்றில் சாக்ஸபோன் கலைஞர் நால்வரும் ஒருவர்பின் ஒருவராகத் தம் கற்பனையை வாசித்தனர். முதலில் உள்ளூரவராகிய எக்யானும் கொம்பெல்லும் வாசித்தனர். பின்னர் விருந்தினராகிய கார்ட்டரும், இறுதியில் ஹாக்கின்ஸும் வாசித்தனர். கொம்பெல் ஹாக்கின்ஸின் பாணியை முன்மாதிரியாகக் கொண்டு பயின்றவர். தம் வழிகாட்டியின் முன்னிலையிலேயே அவர் அஞ்சாது வாசித்தார். ஹாக்கின்ஸ் தம் பகுதியை முடிக்கும் நேரத்தில், 'இன்னும் வாசியுங்கள், இன்னும் வாசியுங்கள்' என்று ஊக்கும் பொருளில் ஒருவர் கூவும் ஒலி அத்தட்டில் கேட்கிறது. அது ஜாங்கோவின் குரல் என்பர். ஹாக்கின்ஸும் நிறுத்தாமல் மேலும் ஒரு சுற்று வாசித்தார். எழுதிவைத்த திட்டத்தில் இல்லாத அச்சுற்று, உடன் இசைத்தவரின் உவகையால் பிறந்ததாகும்.

ஹாக்கின்ஸின் தோழராகிய பென்னி கார்ட்டரும் இவ்வழியில் நடந்தவரே. அவர் 1936 ஆம் ஆண்டில் இலண்டன் வானொலி நிலையத்தின் நடன இசைக்குழுவிற்கு இசை அமைத்துத் தந்தார்; 1937 ஆம் ஆண்டில் ஹாலந்தின் கடற்கரை ஊராகிய ஸ்கேவனிங்கனில், பல நாட்டவரும் பல நிறத்தவரும் அடங்கிய குழுவொன்றை நடத்தினார்.

நாளடைவில் ஐரோப்பாவின் வானில் போர் மேகம் சூழ்ந்தது. 1939 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஹாக்கின்ஸ் தாயகம் திரும்பினார். செப்டம்பர் முதல் நாளில் போர் மூண்டது. அடுத்த ஆண்டு ஹாலந்து நாசிப் படைகளின் கையில் சிக்கியது. அங்கேயே தங்கிவிட்ட பிரெட்டி ஜான்சன் 1941 ஆம் ஆண்டில் சிறைபிடிக்கப்பட்டு, 1944 ஆம் ஆண்டில்தான் விடுதலை பெற்றார். சில திங்கள் தாழ்த்திருப்பின், ஹாக்கின்ஸும் அந்நிலைக்கு ஆளாகியிருத்தல் கூடும்.

நியூயார்க்கில் அவரை எதிர்நோக்கியிருந்தது மற்றொரு சோதனை. ஐந்தாண்டுகள் நீண்ட காலம் அன்றோ? இதற்குள் லெஸ்டர் யங், பென் வெப்ஸ்டர், சூ பெர்ரி முதலிய டெனர் சாக்ஸபோன் கலைஞர்கள் புகழின் உச்சியை அடைந்திருந்தனர். அயல்நாட்டில் இருந்து வந்தவர் இவர்களுக்கு ஈடு கொடுப்பாரோ என்னும் ஐயம் இசையுலகில் எழுந்தது. ஹாக்கின்ஸ் சொல்லால் விடை கூறவில்லை. 1939 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11 ஆம் நாள், 'உடலும் உயிரும்' எனப் பொருள்படும் 'பாடி அண்ட் சோல்' என்னும் பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்தார். 1930 ஆம் ஆண்டிலேயே வெளிவந்து எல்லாரும் அறிந்திருந்த பாட்டு அது. மூன்று நிமிட அளவே உள்ள அப்பதிவில், தொடக்கத்தில் பாட்டின் மெட்டைச் சிறிதளவு தொட்டுக் காட்டிவிட்டு, எஞ்சிய முழுவதையும் தம் கற்பனையாலேயே அவர் நிறைத்தார். இரண்டு சுற்றுகள்; தாழ்ந்த குரலில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, உச்சியைத் தொட்டு மெல்ல அமைதியுறும் ஒரே ஓட்டம். முழுப்பாட்டையும் தனியொருவராய்த் தாங்கும் ஆற்றலை அயலார் மேடைகளில் ஐந்தாண்டுகள் வளர்த்தவர்க்கு, அது இயல்பாக வந்தது. பொதுமக்களும் கலைஞரும் ஒருங்கே அதனைக் கொண்டாடினர். 2004 ஆம் ஆண்டில் அமெரிக்க நாடு, காலமெல்லாம் காக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதனையும் சேர்த்தது.

புகழின் உச்சியிலும் அவர் செவிகள் அடைபடவில்லை. 1940 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இளைஞர் சிலர் ஜாஸ் இசையில் புதுநெறி ஒன்றைத் தொடங்கினர். மூத்தோர் பலர் அதனை எள்ளி நகையாடினர். ஹாக்கின்ஸோ, 1944 ஆம் ஆண்டில் டிசி கில்லெஸ்பி, தெலோனியஸ் மங்க் ஆகிய இளங்கலைஞர்களைத் தம் குழுக்களில் சேர்த்துக்கொண்டு அவர்களோடு பதிவுகள் செய்தார். ஒரு காலத்தில் அயலார் வீட்டில் விருந்தினராக வரவேற்கப்பட்டவர், இப்போது தம் வீட்டிற்கு வந்த புதியவரை விருந்தோம்பினார். 1969 ஆம் ஆண்டு மே திங்கள் 19 ஆம் நாள் அவர் நியூயார்க்கில் மறைந்தார்.

மாணவர்களே, ஹாக்கின்ஸ் பொருள் குன்றிய நாளில் ஊரைவிட்டுப் புறப்பட்டார். நிறத்தின் பெயரால் ஒரு நாட்டின் மேடை அவருக்கு மறுக்கப்பட்டது. எனினும், சென்ற இடமெல்லாம் ஆங்குள்ள கலைஞரை எளியர் என எண்ணாமல், அவர்களோடு அமர்ந்தார். அவர்கள் வாசிப்பைக் கேட்டார். தம்மிடம் உள்ளதைக் கொடுத்தார். அவரைத் தடுத்த ஆட்சி 1945 ஆம் ஆண்டில் அழிந்தொழிந்தது. பாரிஸ் கூடத்தில் எண்மர் சேர்ந்து எழுப்பிய இசை இன்றும் ஒலிக்கின்றது. நீங்களும் நாளை கல்வியின் பொருட்டோ தொழிலின் பொருட்டோ அயலூரும் அயல்நாடும் செல்வீர்கள். அங்கே உங்கள் திறமையைக் காட்டுமுன், அங்குள்ளாரின் திறமையைக் கேட்டறியுங்கள். கேட்கத் தெரிந்தவரை எந்த ஊரும் அயலாராகக் கருதாது.

பயிற்சி வினாக்கள்

1. ஹாக்கின்ஸ் தாயகத்தை விட்டுச் செல்லக் காரணமாக இருந்தவை யாவை?
2. ஜெர்மனியில் அவர் இசைக்க இயலாது போனது ஏன்? அதன்பின் அவர் என் செய்தார்?
3. உள்ளூர்க் குழுவும் விருந்தினரும் இணைந்து வாசிக்கும் முறையை விளக்குக. அதனால் இருதிறத்தாரும் அடைந்த பயன்களைக் கூறுக.
4. 1937 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நிகழ்ந்த ஒலிப்பதிவின் சிறப்பை ஒரு பத்தியில் எழுதுக.
5. 'கேட்கத் தெரிந்தவரை எந்த ஊரும் அயலாராகக் கருதாது' – இக்கருத்தை உங்கள் வாழ்வில் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு விளக்குக.